ஒரு மணி நேரம் சுயநலத்தைப் பற்றி

ருஷ்ய இலக்கியத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று இப்போதும் அவ்வப்போது யாராவது என்னைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். ஆனால் சுயநலம் என்கிற தலைப்பு மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஏன் டீச்சர், அதுலதானே நீங்க வெளுத்து வாங்குவீங்க?" என்கிறார்கள். வெளுத்துத்தான் வாங்கினேன். அதே நாளில் பதுளை பஸ் ஸ்டாண்டில் நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டேன். அந்தக் கதையைச் சொன்னால் மனசு இன்னும் கொஞ்சம் லேசாகும் என்று நினைக்கிறேன்.

நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். குடியிருப்பது ஹாலிஎலவில், வாடகை வீடு. கலியாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பிறந்தது பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பதினாறு காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. எங்களுடையது கடைசி, மலையை ஒட்டியது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அதில் தம்பி, தம்பியின் மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். தம்பி தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறான். அவள் கொழுந்து எடுக்கிறாள். லயம் முழுக்க அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடும். அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ருஷ்யப் புத்தகங்கள் எனக்குக் கிடைத்தது ஆசிரியர் கலாசாலை நூலகத்தில். கடைசி அலுமாரியில் தமிழில் பெயர்த்த தடித்த புத்தகங்கள் வரிசையாக இருந்தன. யாரும் தொடுவதில்லை. பனி, குதிரை வண்டி, நாள் முழுக்கக் கொதிக்கும் தேநீர்ப் பாத்திரம் எல்லாம் எனக்குப் புதுசு. ஆனால் பண்ணை வீடும், அந்தப் பண்ணைக்கே சொந்தமாகிப்போன குடியானவர்களும் எனக்குப் புதுசு இல்லை. துரை பங்களா ஒரு பக்கம், லயம் ஒரு பக்கம் என்று பார்த்து வளர்ந்தவளுக்கு அதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை. படிக்கும்போதெல்லாம் நான் குடியானவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பண்ணைக்காரர்களைத் திட்டுவேன். நான் உட்கார வேண்டிய பக்கம் அதுதான் என்பதில் எனக்கு முப்பது வருஷமாகச் சந்தேகமே வந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் காம்பராவில் சமைக்கிற குசினிச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. மேலே மலையிலும் நிலம் கீறிக்கொண்டு நின்றது. உத்தியோகத்தர்கள் வந்தார்கள், அளந்தார்கள், சுவரில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டார்கள். மண் எந்த நேரமும் சரியலாம், இந்த லயத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இருக்கக் கூடாது என்றால் எங்கே போவதாம்? அதற்குப் பதில் வரச் சில மாதங்கள் ஆயின. தோட்டத்தின் கீழ்ப்பக்கம் சமமான நிலத்தில் ஆளுக்கு ஏழு பேர்ச் காணி, அதில் ஒரு தனி வீடு. காம்பராவுக்கு ஒரு வீடு. படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

படிவம் என்றால் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்து நன்றாக இருக்கிற ஒரு ஆள்தான் எல்லாருக்கும் எழுதுவார். மற்றவர்கள் அவர் பென்சிலால் போட்ட புள்ளடிக்குப் பக்கத்தில் கையெழுத்து வைப்பார்கள். யாரும் வாசிப்பதில்லை, வாசித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு மாதிரி. எங்கள் லயத்தில் அந்த ஆள் நான்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிறப்பு, இறப்பு, அடையாள அட்டை, பள்ளிக்கூடச் சேர்க்கை எல்லாம் எழுதியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஹாலிஎலவிலிருந்து பஸ் ஏறிப் போய், தம்பி வீட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன்.

பதினைந்து படிவங்களைப் பத்திரமாக எழுதினேன். ஒரு எழுத்து அடிக்கவில்லை. பதினாறாவது எங்களுடையது. குடும்பத் தலைவர் பெயர் என்று போட்டிருந்த இடத்தில் என் பேனா நின்றது.

நான் திருட நினைக்கவில்லை. யோசித்தேன், அவ்வளவுதான். அந்தக் காம்பராவில் தம்பிக்கு நாலு வருஷம் முந்திப் பிறந்தவள் நான். கூரைக்குப் புதுத் தகரம் போட்டுக் கொடுத்தவள் நான். அம்மாவின் கடைசி மாதங்களில் லீவு போட்டு வந்து பார்த்தவள் நான். இத்தனைக்கும் எனக்கென்று ஒரு கைப்பிடி மண் இல்லை. வீட்டுக்காரர் போ என்றால் புத்தகப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீடு, இப்படி ஐந்து வீடு மாறியாயிற்று. இதையெல்லாம் யோசித்த பிறகு, எல்லாவற்றையும்விட மோசமான யோசனை ஒன்று கடைசியாக வந்தது. தம்பி வெகுளி, யார் கேட்டாலும் எதையும் எழுதிக் கொடுத்துவிடுவான், என் பெயரில் இருந்தால் அவர்களுக்குத்தான் பாதுகாப்பு. இந்த யோசனை வந்ததும் மற்றதெல்லாம் தேவையே இல்லாமல் போனது. வாக்காளர் பட்டியலில் என் பெயர் இன்னும் அந்த லயத்து விலாசத்தில்தான் இருந்தது. எழுதினேன். அழகாக எழுதினேன்.

"எங்கக்கா வைக்கணும்?" என்று தம்பி குனிந்தான்.

"இந்தா, புள்ளடி போட்ட எடத்துல" என்றேன்.

குடும்ப உறுப்பினர் என்று இருந்த ஒரே இடத்தில் வைத்தான். பாப்பா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, மேசையில் சிந்தியதைத் துடைத்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதே வாரத்தில்தான் பதுளை வாசகர் வட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. ருஷ்ய இலக்கியத்தில் சுயநலமும் அதன் விளைவுகளும், ஒரு மணி நேரம். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். இரவு பகலாக அட்டைகளில் குறிப்பு எழுதினேன். 'சுயநலக்காரன் தன்னைச் சுயநலக்காரன் என்று ஒருநாளும் அறிவதில்லை. தனக்குத்தான் அநியாயம் நடந்திருக்கிறது என்று நம்புகிறான்.' இதை எழுதிச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடும் போட்டேன். நாசமாய்ப் போன வரி! என் கையால் நானே எழுதினேன், எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

பேச்சுக்கு இரண்டு வாரம் முந்தி, தற்காலிகப் பட்டியல் தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட்டது. தம்பி போன் அடித்தான்.

"அக்கா, பதினஞ்சு பேருதான் இருக்கு. நம்ம காம்பரா இல்ல."

பிரதேச செயலகத்தில் தெரிந்த ஒருவரிடம் விசாரித்தேன். விண்ணப்பம் போட்டவர் அரசாங்க ஆசிரியை, குடியிருப்பது ஹாலிஎலவில், லயத்தில் இல்லை, ஆகவே வெட்டியாயிற்று என்றார். மாத முடிவுக்குள் யாரும் முறையிடாவிட்டால் அந்தக் காம்பராவில் தகுதியான குடும்பமே இல்லை என்று கோப்பை மூடிவிடுவார்களாம். அதாவது மண் சரிகிற இடத்துக்கு எல்லாரையும்விட நெருக்கமாக இருக்கிற காம்பராவுக்கு வீடு கிடையாது.

தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. அவன் தோட்டத் தலைவரைச் சந்தேகப்பட்டான். தலைவர் என்றால் சங்கத்தின் சார்பில் லயத்துக் காரியங்களைப் பார்க்கிறவர், படிவங்களைக் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான். தம்பியோடு ஒன்றாகப் படித்தவர். காமன் கூத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் தப்பு அடிப்பார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், எல்லார் முன்னாலும் தம்பி அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். "எலெக்சன்ல ஒனக்குக் கை தூக்கலன்னுதானே எங்க ஃபோம வெட்டுன?" என்று கத்தியிருக்கிறான். "என் புள்ளைங்க மேல சத்தியமா நான் தொடல" என்று அந்த மனுஷன் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை. இதைத் தம்பி போனில் எனக்கு வரி விடாமல் சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவசரப்படாத, பார்ப்போம்" என்றேன். சீ!

அந்த இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுப்பேன். பேச்சு முடியட்டும் என்று வைத்துவிடுவேன். சொந்தத் தம்பி தலைக்கு மேலே மலை வெடித்து நிற்கிறது, எனக்கு மேடைதான் பெரிசாக இருந்தது.

சனிக்கிழமை பேச்சு. நூலக மண்டபத்தில் நாற்பது பேர் இருக்கும். ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு தம்பியும் பாப்பாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் கூப்பிடவில்லை. அக்கா மைக்கில் பேசுவதைப் பார்க்க வேண்டும் என்று அவளாக அவனை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். காலையில் பாதிநாள் கொழுந்து எடுத்துவிட்டு, அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போனால் போகட்டும் என்று மலையிலிருந்து இறங்கியிருந்தாள். பூப்போட்ட சேலை, மடியில் ஒரு பை.

பேசினேன். வாய் கிழியப் பேசினேன். அந்தக் கதைகளில் பெரிய மனிதர்கள் கத்தியெடுத்துத் திருடுவதில்லை, காகிதத்தில் திருடுகிறார்கள் என்றேன். ஒரு உயில், ஒரு கையெழுத்து, மறைத்து வைத்த ஒரு கடிதம் போதும். முதலில் ஏமாறுகிறவர் எப்போதும் நம்பிக்கை வைத்தவர்தான் என்றேன். தண்டனையை நீதவான் கொடுப்பதில்லை, அது காய்ச்சலாக, தூக்கமில்லாத ராத்திரியாக, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க முடியாத சங்கடமாக வருகிறது என்றேன். ஒருவர் செய்த பிழைக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் பழி சுமக்கிறார் என்று கையை நீட்டிச் சொன்னபோது, கடைசி வரிசையில் தம்பி பலமாகத் தலையாட்டினான். அவனைப் பார்த்தேன், பாதி வரியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்துச் சனம் கை தட்டியது. பாப்பாதான் எல்லாரையும்விட அதிக நேரம் தட்டினாள்.

முடிந்ததும் மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பசறை பஸ் நின்றது, புறப்படக் கால் மணி நேரம் இருந்தது. தம்பி பிள்ளைகளுக்குப் பனிஸ் வாங்கக் கடைக்குப் போனான். பாப்பா பையிலிருந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்து என் கையில் திணித்தாள்.

"மதினி, ஒன்னு கேக்கவா? சிரிக்கக் கூடாது" என்றாள்.

"கேளு."

"அந்தக் கதைங்கள்ல ஏமாத்துனவங்க, ஏமாந்தவங்ககிட்ட வாயத் தொறந்து சொல்லுவாங்களா, மாட்டாங்களா?"

"சில பேரு சொல்லுவாங்க. ஆனா ரொம்ப லேட்டாத்தான்."

"லேட்டுன்னா?"

"யாராவது செத்த பிறகு. இல்லாட்டி எல்லாம் கைவிட்டுப் போன பிறகு."

"ஐயே! மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னவாம்?"

"மொதல்லயே சொன்னா கதை நாப்பது பக்கத்துல முடிஞ்சிரும்."

"முடியட்டுமே. யாரும் சாகாம முடிஞ்சா நல்லதுதானே" என்று சிரித்தாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது, சத்தியமாகச் சும்மாதான் கேட்டாள். ஆனால் நான் அங்கேயே நின்றுவிட்டேன். தம்பி பனிஸ் பையோடு வந்தான். இன்னும் யாரும் சாகவில்லை, மாதம் முடிய ஆறு நாள் இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டது.

"ஃபோம்ல குடும்பத் தலைவர்னு கேட்ட எடத்துல நான் என் பேர எழுதினேன்" என்றேன். "அதான் வெட்டிட்டாங்க. தோட்டத் தலைவர் மேல பிழை இல்ல. நான்தான் செஞ்சேன்."

தம்பி என்னைப் பார்த்தான். "நான் கையெழுத்து வச்சேனே அக்கா" என்றான். அவ்வளவுதான். போய் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

பாப்பா விடவில்லை. "ஒரு மணி நேரம்!" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முந்திக் கேட்டதே இல்லை. "ஒரு மணி நேரம் மைக்கப் புடிச்சிக்கிட்டு அடுத்தவன் சுயநலத்தப் பத்திப் பேசுனீங்களே, வெக்கமா இல்ல ஒங்களுக்கு? அரப்பேர விட்டுட்டு வந்து நான் கை தட்டுனேன்! என் புள்ளைங்க அந்தச் செவத்துக்குப் பக்கத்துல படுக்குதுங்க மதினி, தெரியுமா தெரியாதா?" பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாயும் இருந்தார். "டீச்சர்..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார்.

"ஒங்களுக்கு எடம் வேணும்னா வாயத் தொறந்து கேட்டா என்ன? ஒரு ரூம்பு சேத்துக் கட்டியிருக்க மாட்டோமா? நாங்க என்ன வேத்து ஆளுங்களா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். கீரைக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் திட்டு விழ விழ, இரண்டு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிக்கொண்டே வந்தது. அப்படித் திட்டியதற்காக அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கண்டக்டர் விசில் ஊதினான். படியில் காலை வைத்துவிட்டு அவள் திரும்பினாள். "திங்கக்கெழம லீவு போடுங்க. ஆபீசுக்குப் போறோம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை முதலில் பெரட்டுக் களத்துக்குப் போனேன். கொழுந்துக் கூடையோடு நின்ற அத்தனை பெண்கள் முன்னாலும் தலைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "டீச்சர் எழுதினா பிழை வராதுன்னு நாங்க யாருமே வாசிக்கல" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் லயத்தில் நான் எழுதுகிற எதையும் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். "வாசிங்க டீச்சர்" என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். ருஷ்யாவாக இருந்தால் சைபீரியாவுக்கு அனுப்பியிருப்பார்கள். எனக்கு இது கிடைத்தது.

பிறகு பாப்பாவும் நானும் பிரதேச செயலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் ஒரு சிங்கள மேடம், தமிழ் நன்றாகவே பேசினார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "ஒரு டீச்சர் இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டுவிட்டு, சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்து என் விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். புதுப் படிவமும் கொடுத்தார். வீடு கிடைக்கும் என்று இப்போது எதுவும் சொல்ல முடியாது, இடத்தைப் பார்த்துத்தான் முடிவு என்றார்.

குடும்பத் தலைவர் இடத்தில் நான் தம்பியின் பெயரை எழுதப் போனேன். "பொறுங்க" என்றார் அவர். "தோட்டத்தில பதிஞ்ச தொழிலாளி யாரு?" பாப்பா சொன்னாள், தம்பிக்கு ஃபெக்டரியில் கைக்காசு வேலைதான், பதிவு இல்லை. பத்தொன்பது வருஷமாகப் பதிவில் இருப்பது அவள். அந்தக் காம்பரா இத்தனை காலம் எங்கள் கையை விட்டுப் போகாமல் இருந்ததே அவள் பெயரால்தான். நான் இத்தனை வருஷமும் அதைத் 'தம்பி வீடு' என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"சரி, ஒன் பேரச் சொல்லு, எழுதுறேன்" என்றேன்.

அவள் பிளாஸ்டிக் உறையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் இருந்த பெயரை நான் அதற்கு முந்திக் கேள்விப்பட்டதே இல்லை. நீளமான, அழகான பெயர்.

"இது யாரு பேரு?" என்று கேட்டேன்.

"என் பேருதான் மதினி. கொஸ்லந்தையில நான் பொறந்தப்போ பதிஞ்ச ஐயா, தனக்குப் புடிச்ச பேர எழுதிட்டாராம். வீட்டுல யாருக்கும் வாயில நொழையல. பாப்பான்னு கூப்புட்டாங்க, அப்படியே ஆகிப்போச்சு."

அவளுடைய பிறப்பு, அடையாள அட்டை, கலியாணப் பதிவெல்லாம் அவள் பிறந்த தோட்டத்திலேயே முடிந்திருந்தது, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு ஆஸ்பத்திரியில் நடந்தது, பள்ளிக்கூடச் சேர்க்கைக்குத் தம்பி பெயரே போதுமாக இருந்தது. அவள் சம்பந்தப்பட்ட ஒரு காகிதமும் என் கைக்கு வரவில்லை. அது ஒரு சாக்கு, அவ்வளவுதான். ருஷ்யக் கதைகளில் ஒரு ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். பிறந்த பெயர், அப்பா பெயரைச் சேர்த்து மரியாதையாகக் கூப்பிடுகிற பெயர், வீட்டில் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர். குழம்பாமல் இருக்க நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்து மனப்பாடம் செய்தவள். பார்த்திராத நாட்டில், இருந்திராத மனிதர்களுக்கு அத்தனை பாடு! பத்தொன்பது வருஷமாகத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவளுக்கு இன்னொரு பெயர் இருக்குமே என்று ஒரு தரம் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆபீசுல அழாதீங்க மதினி, அந்தம்மா பாக்குது" என்று அவள் என் கையைக் கிள்ளினாள். அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினேன்.

பிறகு காத்திருப்பு. மழை தொடங்கியிருந்தது. எல்லாரும் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். காம்பராவில் ஆள் இல்லை என்று மறுபடியும் எழுதிவிட்டால் என்ன செய்வது என்று அவள் மறுத்துவிட்டாள். அது நியாயம்தான், அந்தப் பயத்தை உண்டாக்கியதும் நான்தான். பிள்ளைகளை மட்டும் என்னிடம் அனுப்பினாள். வானம் கறுக்கும்போதெல்லாம் வகுப்பிலிருந்து வெளியே வந்து போன் அடிப்பேன். தம்பி எடுக்க மாட்டான், அவன் என்னோடு பேச ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அவள் எடுப்பாள். "இருக்கோம், இருக்கோம்" என்று வைத்துவிடுவாள்.

ஒரு நாள் காலை பத்து மணிக்குக் குசினிச் சுவர் மண்ணோடு உள்ளே விழுந்தது. அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், தம்பி ஃபெக்டரியில். ஒரு பானை, இரண்டு சட்டி, விறகு அடுப்பு, அதோடு போயிற்று. பள்ளிக்கூடத்து நடையில் நின்று அந்தச் செய்தியைக் கேட்டேன். தம்பிதான் போன் அடித்திருந்தான். "ஆளுக்கு ஒன்னும் ஆகல அக்கா" என்றான். அத்தனை வாரத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசியது அது. தோட்டத்தில் வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவர்களுக்குத் தற்காலிகமாக இடம் கொடுத்தார்கள்.

கடைசிப் பட்டியலை வாசிக்கிற நாளில் கோயில் மைதானத்தில் லயமே கூடி நின்றது. அதே மேடம் வந்திருந்தார். பெயர் கூப்பிட்டதும் முன்னால் வந்து கையெழுத்து வைத்துக் கடிதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, இரண்டு என்று பதினைந்து பேர் வாங்கிக்கொண்டு வந்தார்கள். தம்பி தலைவருக்குப் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாள். மேடம் தாளைத் திருப்பி, ஒரு நீளமான பெயரை வாசித்தார்.

யாரும் வரவில்லை.

மறுபடி வாசித்தார். சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. "யாருடி அது?" என்று ஒரு பெண் கேட்டாள். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்க லயத்துல அப்படி யாரும் இல்லீங்க மேடம். வேற தோட்டத்துப் பேரு மாறி வந்திருக்கும்" என்றார். மேடம் பேனாவைத் திறந்தார். பாப்பா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு மேசையிலிருந்து யாராவது ஒரு பெயரை வாசித்தால் அது தன்னைத்தான் என்று நினைக்கிற பழக்கம் அவளுக்கு எங்கே இருந்தது?

"இருக்கு!" என்று கத்தினேன். ஆசிரியை, ஐம்பது வயசு, ஒன்றும் யோசிக்கவில்லை. "இருக்கு மேடம், இருக்கு! வெட்டாதீங்க!" ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஏ புள்ள, ஒன்னத்தான்! ஒன் பேருதான்!"

"நானா?" என்றாள்.

"நீதான்!"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மேசைக்குப் போனாள். தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவனுக்கும் அந்தப் பெயர் மறந்திருந்தது, பாவி! மேடம் அடையாள அட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் மெதுவாக, ஒரு எழுத்தும் விடாமல் கையெழுத்து வைத்தாள். "என்னாடி பேரு அது? இன்னொரு தடவ சொல்லு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் பார்த்துத் திரும்பி நின்று, தன் பெயரை முழுசாக, சத்தமாகச் சொன்னாள். நான் அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.